மை சிந்திய தணிகைமலை

மாதத்தின் முதல் தேதி வந்தால் நிலவின் தென்முனைக் குடியிருப்பில் எல்லாரும் வீட்டுக்கு வெளியே வந்து நிற்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டை இறுக மூடி, குழாய் வழியாகக் காற்றைச் செலுத்தி, எவ்வளவு காற்று கொள்கிறது என்று நிர்வாகம் அளந்து பார்க்கும். காற்று போகாத இடமெல்லாம் பொருள் அடைத்துக்கொண்டிருக்கிற இடம். கட்டிலுக்கு அடியில் ஒளித்தாலும் சரி, போர்வைக்குள் சுற்றினாலும் சரி, காற்றை ஏமாற்ற முடியாது. இதற்கு இட அளவை என்று பெயர். நிலவில் தண்ணீரைப் பனிக்கட்டியிலிருந்து எடுத்துவிடலாம், காற்றைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிடலாம். இடத்தை மட்டும் பாறையைக் குடைந்துதான் எடுக்க வேண்டும். அதனால் ஒரு குடும்பம் இத்தனை லிட்டர் பொருள்தான் வைத்துக்கொள்ளலாம் என்று உச்சவரம்பு. தாண்டியவர்கள் தாழ்வாரத்தில் எல்லாரும் பார்க்க எதையாவது அரைவைத் தொட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். போன மாதம் முப்பத்தேழாம் எண் வீட்டுக்காரர் தன் கல்யாணப் பட்டு வேட்டியைப் போட்டுவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

நாற்பத்தோராம் எண் வீட்டுக்கு வெளியே கோவர்த்தனனும் வசுமதியும் நின்றுகொண்டிருந்தார்கள். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, காற்றுக் குழாய்களைச் சுத்தம் செய்யும் பிரிவில் மேற்பார்வையாளர். அவள் கசிவுப் பரிசோதகர். சுவருக்குள் எங்கே ஊசி முனை அளவு காற்று கசிந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். வீட்டுக்குள் அந்தத் திறமைக்கு வேலை இன்னும் அதிகம் என்பது கோவர்த்தனனின் அனுபவம்.

"எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு லிட்டர். வரம்பு தொள்ளாயிரம். தேர்ச்சி" என்றது கதவு. இருவரும் உள்ளே போகத் திரும்பியபோது அது இன்னொன்றும் சொன்னது: "உங்களுக்கு ஜன்னல் வீடு ஒதுக்கப்பட்டிருக்கிறது. எண் ஏழு."

வசுமதி கதவைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருடமாக அந்தப் பட்டியலில் அவர்கள் பெயர் இருந்தது. குடியிருப்பில் இரண்டாயிரம் வீடுகள், அவற்றில் ஜன்னல் உள்ளவை ஒன்பது. ஜன்னலுக்கு வெளியே பூமி தெரியும். தென்முனையில் அது ஒருநாளும் உச்சிக்கு வருவதில்லை. மாதத்தில் பாதி நாள் தொடுவானத்துக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்க்கும், மீதி நாள் கீழே போய்விடும். அந்தப் பாதி நாளில் ஒரு காலையாவது, சொந்த வீட்டில், கையில் காபியோடு உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டும் என்பது வசுமதியின் ஆசை. அவள் வேலை முழுக்கச் சுவருக்குள்ளே. வெளியே ஒரு உலகம் இருக்கிறது என்பதையே அவள் கசிவை வைத்துத்தான் தெரிந்துகொண்டிருந்தாள்.

"ஜன்னல் கண்ணாடியும் காப்புச் சுவரும் தடிமன் என்பதால் அந்த வீட்டின் வரம்பு எண்ணூற்று அறுபது" என்றது கதவு. "ஆறு நாள் அவகாசம். குறைக்க முடியாவிட்டால் வீடு பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்."

பட்டியலில் அடுத்தவர் எதிர் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. பெயர் பதினெட்டு சார். சூரியன் எட்டிப் பார்க்காத பள்ளத்தில், பனிச் சுரங்கத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரோபோ. ஓய்வுக்குப் பிறகு அவை இயந்திரக் குடிமக்கள் ஆகிவிடும். வீடும் உண்டு, வாக்கும் உண்டு, பெயருக்குப் பின்னால் 'சார்' போட வேண்டும் என்று விதியும் உண்டு. பொருள் வரம்பு மட்டும் நாற்பது லிட்டர், ஏனென்றால் இயந்திரத்துக்கு எதற்குப் பொருள்? பதினெட்டு சாரிடம் மின்னேற்றும் முக்காலி ஒன்றுதான் இருந்தது.

"வாழ்த்துகள்" என்றது பதினெட்டு சார். சுரங்க அறிவிப்புகளுக்காகச் செய்த குரல், வாழ்த்துச் சொன்னாலும் எச்சரிப்பது போலத்தான் இருக்கும். "எண்ணூற்று அறுபதுக்குள் வந்துவிடுவீர்களா?"

"வந்துருவோம் சார்" என்றாள் வசுமதி.

குறைக்க வேண்டியது முப்பத்தெட்டு லிட்டர். உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தார்கள். அவசர உடைகள் இரண்டும் சட்டப்படி இருந்தே ஆக வேண்டும். கோவர்த்தனனின் கண் கிரைண்டர் மேல் போனது.

"அதப் பாக்காதீங்க" என்றாள் வசுமதி. "அதக் குடுத்துட்டு, இட்லி இல்லாம ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காருவீங்களா?"

பிறகு அவள் அலமாரியின் மேல்தட்டைக் காட்டினாள். அங்கே ஏழு பெட்டிகள் இருந்தன. மொத்தம் முப்பத்தொன்பது லிட்டர். உள்ளே ஏழாயிரத்துச் சொச்சம் கிரிக்கெட் அட்டைகள்.

குடியிருப்பில் செய்யும் பாசி பிஸ்கட் பாக்கெட்டுக்குள் ஓர் அட்டை இருக்கும். பாசிச் சக்கையிலேயே செய்த அட்டை, அதில் நிலா கிரிக்கெட் ஆட்டக்காரர் ஒருவரின் படம். அணித் தலைவரின் அட்டை ஒன்றுக்காக ஒன்பது வருடம் அந்த பிஸ்கட்டைத் தின்றார் கோவர்த்தனன். கூடவே வசுமதியும் தின்றாள். தலைவர் வரவே இல்லை. வந்ததெல்லாம் தணிகைமலை. பாக்கெட்டுக்குப் பாக்கெட் தணிகைமலை. அவர் அணியின் பன்னிரண்டாவது ஆள், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை களமிறங்கினார். நிலவில் உயரத் தூக்கி அடித்த பந்து கீழே வரப் பதினோரு விநாடி ஆகும். அந்தப் பதினோரு விநாடியும் கீழே நின்று காத்திருந்து, கடைசியில் கேட்சைத் தவறவிட்டவர் தணிகைமலை. கோவர்த்தனனிடம் அவர் ஆயிரத்து நூறு பேர் இருந்தார்கள்.

வசுமதி சண்டைக்குத் தயாராகத்தான் நின்றாள். கோவர்த்தனனோ சுலபமாகச் சரி என்றுவிட்டார். நாலு வருடமாக அந்தப் பெட்டிகளை அவர் திறக்கக்கூட இல்லை.

"குடுத்துரலாம் வசு. ஆனா தொட்டியில போட வேணாம். ஏலத்துல விடுவோம். எவனாவது வாங்கிட்டுப் போறான்."

ஏலமன்றம் என்பது குடியிருப்பின் இணையச் சந்தை. விற்பவர் பொருளைப் பதிந்துவிட்டால், வாங்குபவர்கள் பெயர் சொல்லாமல் விலை கேட்கலாம், சந்தேகம் கேட்கலாம், ஏலம் முடியும் வரை கேட்ட விலையைத் திரும்பப் பெறவும் செய்யலாம். ஒவ்வொரு விலைக்கும் விற்பவரின் காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் செவிமணி, அரிசி அளவுக் கருவி, ஒரு தடவை 'டிங்' என்று ஒலிக்கும். கோவர்த்தனன் பதிந்தார்: 'வேண்டாத அட்டைகள். மொத்தமாக. கிடைத்த விலைக்கு.' சோதனைக்காகத் தனியாக ஒரே ஒரு தணிகைமலையையும் ஏலத்தில் விட்டார். இரண்டு பேர் காதிலும் மணியை இணைத்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் மணி அடிக்கவில்லை. வேண்டாத பொருளைத்தான் விற்கிறார், ஆனாலும் யாருமே வேண்டும் என்று கேட்காதபோது கோவர்த்தனனுக்கு முகம் விழுந்துவிட்டது.

"ரசனை கெட்ட ஊரு" என்றார்.

"நாளைக்கு தொட்டிதான்" என்றாள் வசுமதி.

மூன்றாம் நாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. அந்த ஒற்றைத் தணிகைமலைக்கு ஐந்து புள்ளி. ஒரு பாக்கெட் பிஸ்கட்டே மூன்று புள்ளிதான். கூடவே ஒரு கேள்வி: 'மூலையில் மை சிந்திய தணிகைமலை உங்களிடம் இருக்கிறதா?'

மை சிந்தியதா? கோவர்த்தனனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வாயில் நுரையோடு முதல் பெட்டியை இறக்கித் திறந்தார். பார்த்தால், சிலவற்றில் இடது மூலையில் கடுகு அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அச்சு இயந்திரத்தின் கோளாறு. ஒன்பது வருடத்தில் அவர் கவனிக்காத புள்ளி இப்போது அவருக்கு அழகாகத் தெரிந்தது. அன்று வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, மை சிந்தியவை தனி, சிந்தாதவை தனி என்று பிரித்தார். 'மொத்தமாக, கிடைத்த விலைக்கு' என்பதை ஏலமன்றத்திலிருந்து எடுத்துவிட்டு, மை சிந்திய அட்டைகளை ஒவ்வொன்றாகப் பதிந்தார்.

மணி அடித்தது. பன்னிரண்டு புள்ளி. பிறகு இருபது. பிறகு அந்த விலை திரும்பப் போய்விட்டது. அரை மணி நேரம் கோவர்த்தனனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிறகு முப்பத்தைந்தாக வந்தது. இன்னொரு கேள்வியும் வந்தது: 'ஷூ லேஸ் அவிழ்ந்த நிலையில் நிற்கும் பதிப்பும் உண்டாமே?' இருந்தது. ஐந்தாம் பெட்டியில் பதினோரு தணிகைமலைகள் அவிழ்ந்த லேஸோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

வசுமதி வேலையிலிருந்து வந்தபோது தரை முழுக்கத் தணிகைமலையாக இருந்தது.

"வித்தாச்சா?"

"இப்ப விக்கக் கூடாது வசு. விலை ஏறுது."

"ஏறுனா குடுத்துட வேண்டியதுதான? நமக்கு வேணாம்னுதான விக்கிறோம்?"

"வேணாம்தான்" என்றார் கோவர்த்தனன், ஓர் அட்டையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே. "அதுக்காக?"

ஐந்தாம் நாள் வசுமதி பொறுமை இழந்தாள். பூமி தொடுவானத்துக்கு மேலே வந்துவிட்டதாக அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவர் குளியலறையில் இருந்த நேரம் பார்த்து முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகத் தாழ்வாரத்துக்குப் போனாள். எதிர் வாசலில் பதினெட்டு சார் வழக்கம்போலச் சும்மா நின்றுகொண்டிருந்தது. தொட்டியின் மூடியைத் திறந்து பெட்டியைச் சாய்த்தாள். காதில் மணி அடித்தது.

மை சிந்திய தணிகைமலை ஒன்றுக்குத் தொண்ணூறு புள்ளி.

அது அவளுடைய ஒன்பது நாள் சம்பளம். வசுமதி பெட்டியை நிமிர்த்தினாள். மூடியை மூடினாள். அங்கேயே தாழ்வாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, ஊசி முனைக் கசிவைக் கண்டுபிடிக்கிற அந்தக் கண்ணால் மூலை மூலையாகப் பார்க்க ஆரம்பித்தாள். அவர் தவறவிட்ட பதினான்கு மைப் புள்ளிகளை அவள் கண்டுபிடித்தாள். அந்த நிமிடத்திலிருந்து பெட்டியைத் தொட அவரை அவள் விடவில்லை.

"கை ஈரம். போய்த் தொடச்சிட்டு வாங்க" என்றாள்.

ஆறாம் நாள் மாலை கதவு கேட்டது: "ஏழாம் எண் வீட்டுக்குப் போகிறீர்களா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விலை அப்போது நூற்றுப் பத்தில் நின்றது. கட்டிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் என்ன என்று வசுமதி கேட்டாள். அது பாறையோடு சேர்த்துச் செதுக்கியது.

"ஒரு பத்து நாள் விட்டா நூத்தம்பது போகும்" என்றாள் அவள் மெதுவாக. "இப்பக் குடுத்தா நாமதான் ஏமாளி. ஜன்னல் எங்க போயிரப் போகுது? அடுத்த தடவ வராமலா இருக்கும்?"

இதைச் சொன்னது வசுமதிதான் என்பதை நான் குறித்துவைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பிற்பாடு அவள் இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. இருவரும் விரல் வைத்து மறுத்தார்கள். அவர்கள் பெயர் ஒரு படி இறங்கியது, பதினெட்டு சாரின் பெயர் ஒரு படி ஏறியது. பத்து நிமிடத்தில் அது முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவை மூடிவிட்டு, ஏழாம் எண்ணுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலை எல்லா விலையும் திரும்பப் போயிருந்தது. நூற்றுப் பத்து இல்லை, முப்பத்தைந்து இல்லை, கேள்விகள்கூட இல்லை. கோவர்த்தனன் ஏலமன்றம் பழுதாகிவிட்டது என்று புகார் கொடுத்தார். பழுது இல்லை என்று பதில் வந்தது. மதியம் ஒரே ஒரு மணி அடித்தது. முதலில் விட்ட அந்தச் சாதாரணத் தணிகைமலையை எடுக்க அவர் மறந்துவிட்டார். கேட்டவரும் அந்த ஐந்து புள்ளியைத் திரும்பப் பெற மறந்துவிட்டார் போலிருக்கிறது. ஏலம் தானாக முடிந்துபோனது. முடிந்த ஏலத்தில் மட்டும், அட்டையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக, வாங்கியவரின் முகவரியை ஏலமன்றம் சொல்லும்.

முகவரி: ஜன்னல் வீடு, எண் ஏழு.

வசுமதி அதை மூன்று தடவை படித்தாள். பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கோவர்த்தனன் பின்னாலேயே ஓடினார்.

ஏழாம் எண் வீட்டில் முக்காலி நடுவில் இருந்தது. அதற்கு முன்னால் ஜன்னல். ஜன்னலில், பாறை விளிம்புக்கு மேலே, நீலமாகப் பாதிப் பூமி. திட்டுவதற்கு வாயைத் திறந்த வசுமதி அதைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் ஓர் அடி வைத்தாள். கண் கலங்கிவிட்டது.

"எல்லா விலையும் நீங்க கேட்டதா சார்?"

நேராகக் கேட்டால் பொய் சொல்ல இயந்திரக் குடிமக்களுக்கு வழி இல்லை. "ஆம்" என்றது பதினெட்டு சார். "கேள்விகளும் என்னுடையவை. சட்டப்படி தவறில்லை என்று சரிபார்த்துக்கொண்டேன்."

"எங்களுக்கு வேணாம்னு போட்டதுதான அது? நாங்க குடுத்திருந்தா?"

"கொடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். முப்பத்திரண்டு வருடம் மனிதர்களோடு சுரங்கத்தில் இருந்திருக்கிறேன். உடைந்த திருப்புளி ஒன்று ஒரு மூலையில் கிடக்கும். வருடக்கணக்கில் யாரும் தொட மாட்டார்கள். ஒருவர் அதை எடுத்தால் போதும், மூன்று பேர் வந்து அது தன்னுடையது என்பார்கள். எனக்கு இந்த ஜன்னல் வேண்டியிருந்தது. முப்பத்திரண்டு வருடம் இருட்டைத்தான் பார்த்தேன். மன்னிக்கவும்."

அந்த 'மன்னிக்கவும்' உண்மையாகத்தான் இருந்தது, அதனால் வசுமதிக்குத் திட்ட வரவில்லை. அட்டையை அதன் உலோகக் கையில் வைத்துவிட்டுத் திரும்பினாள். வாசல் வரை போயிருப்பாள்.

"ஒரு நிமிடம்" என்றது பதினெட்டு சார். அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. "இதில் நாற்பதில் பதினேழு என்று அச்சிட்டிருக்கிறது. மீதி முப்பத்தொன்பது எங்கே?"

"எங்க வீட்லதான்" என்றார் கோவர்த்தனன். "தலைவர் மட்டும் இல்ல."

"அப்படியானால் வரிசை முழுமையாக இல்லை" என்றது பதினெட்டு சார். அதன் பின்னால் பூமி தெரிந்துகொண்டிருந்தது. அது அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

வசுமதி கணவனின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

அடுத்த ஒரு மாதத்தில் ஏழு பெட்டி அட்டைகளும், பெட்டி மட்டும் தொட்டிக்குப் போக, ஏழாம் எண்ணுக்குக் குடிபோயின. அவள் ஒரு மணிக்கு ஓர் அட்டை என்று விலை வைத்தாள். அதாவது, ஓர் அட்டைக்கு ஜன்னல் பக்கத்தில் ஒரு மணி நேரம். பதினெட்டு சார் உடனே ஒத்துக்கொண்டது. வசுமதி காபியோடு வந்து உட்காருவாள். பதினெட்டு சார் ஜன்னலுக்கு முதுகு காட்டிக்கொண்டு அடுக்கும். கொஞ்ச நாளில் அதற்கு அந்தப் பேரத்தில் பொறுமை போய், மிச்சத்தை மொத்தமாகவே வாங்கிக்கொண்டது. அட்டையும் முக்காலியும் சேர்ந்து இருபத்தைந்து லிட்டர். வரம்புக்குள்தான்.

ஆனால் அணித் தலைவர் இன்னும் வரவில்லை. பிஸ்கட் சாப்பிட முடியாத பதினெட்டு சார் மாதம் அறுபது பாக்கெட் வாங்க ஆரம்பித்தது. பிஸ்கட்டைத் தாழ்வாரத்தில் போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் திணித்தது. பிறகு புதுப் பருவத்துக்கான புது வரிசை வெளிவந்தது. அதிலும் தணிகைமலைதான் அதிகம். அடுக்க வேறு இடம் இல்லாததால் அட்டைகள் ஜன்னல் ஓரமாக ஏறின. ஆறாவது மாதம் பூமியில் பாதி மறைந்திருந்தது. ஒன்பதாவது மாதம் பூமியே தெரியவில்லை.

அடுத்த இட அளவைக்கு மூன்று நாள் இருந்தது. பதினெட்டு சாரின் கணக்கு நாற்பத்திரண்டு லிட்டர். ஜன்னல் வீட்டுக்கு விதி கண்டிப்பு: அளவைக்குள் இரண்டு லிட்டர் குறையாவிட்டால் வீடு பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். தொட்டியில் போட்டால் ஒரு நிமிட வேலை. போட மனம் வரவில்லை. அப்படி ஒரு பாகம் தனக்குள் இருப்பதாகத் தயாரிப்புக் குறிப்பில் எங்குமே இல்லையே என்று அது தேடிப் பார்த்தது. பிறகு ஏலமன்றத்தைத் திறந்து பதிந்தது: 'வேண்டாத அட்டைகள். மொத்தமாக. கிடைத்த விலைக்கு.'

நாற்பத்தோராம் எண் வீட்டில் வசுமதி அதைப் பார்த்துவிட்டாள். ஒன்பது மாதமாக அவள் ஏலமன்றத்தைப் பார்க்காத நாள் இல்லை. இப்போது அவர்கள் வீடு எண்ணூற்று ஐம்பத்தொன்பது லிட்டர், பட்டியலில் அடுத்த பெயர் அவர்களுடையது.

"என்ன பண்ற?" என்று கோவர்த்தனன் எட்டிப் பார்த்தார்.

"சும்மா இருங்க. சார் நமக்குச் சொல்லிக்குடுத்ததத்தான் பண்றேன்."

ஒரே ஓர் அட்டைக்கு ஐந்து புள்ளி என்று பெயர் சொல்லாமல் கேட்டாள். கீழே ஒரு கேள்வி எழுதினாள்: 'புது வரிசையில் தணிகைமலை தொப்பியைத் திருப்பிப் போட்டிருக்கும் பதிப்பு உங்களிடம் இருக்கிறதா?' அப்படி ஒரு பதிப்பு உண்டா என்று அவளுக்குத் தெரியாது. ஐந்தே நிமிடத்தில், 'மொத்தமாக' என்கிற அந்தப் பதிவு ஏலமன்றத்திலிருந்து காணாமல் போனது. பதில் வந்தது: 'இருக்கிறது. நான்கு. ஆனால் இவை விற்பனைக்கா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.'

வசுமதி சிரித்துக்கொண்டே விலையைத் திரும்பப் பெறும் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள்.

"இரு வசு" என்றார் கோவர்த்தனன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "தொப்பி திருப்பினது நிஜமாவே இருக்காமே?"

"அதுக்கு?"

"இல்ல, அஞ்சு புள்ளிதான. ஒண்ணே ஒண்ணு. ஓர் அட்ட எவ்ளோ எடத்த அடைச்சிரப் போகுது?"

வசுமதி அவரை முறைத்தாள். பிறகு அந்தக் கேள்வியையும் பதிலையும் இன்னொரு தடவை படித்தாள். விரல் பொத்தானுக்கு மேலே அப்படியே நின்றது.

"நாலுதான் இருக்காம்" என்றாள்.